ஸ்டூடியோவில் ராஜா, மேடையில் நடுக்கம்: பிரையன் வில்சனின் மனப்பாங்கை எப்படிப் புரிந்துகொள்வது?

1960-களில் புகழ்பெற்ற அமெரிக்க பாப் இசைக்குழுவான தி பீச் பாய்ஸின் மூளை என்று சொல்லத்தக்க பிரையன் வில்சன் 2025 ஜூன் 11 அன்று, 82 வயதில் காலமானார். அப்போது வெளிவந்த அஞ்சலிகளில் 'மேதை' என்ற சொல்லும் 'மனநோய்' என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்தன. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாவலர்களை நியமித்தபோதும் இதே கதைதான். 'இத்தனை காலம் மனநிலை சரியில்லாமல் இருந்தவர்தானே, அதனால்தான் அப்படிப்பட்ட இசை வந்தது' என்று பலர் முடித்துக்கொண்டார்கள்.

அந்த முடிவு மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறது.

முதலில், மூன்றையும் பிரித்து வைப்போம்

1. மனப்பாங்கு. ஒருவர் உலகத்தை எப்படி உள்வாங்குகிறார், எதற்குச் சட்டென்று பதறுகிறார், எதில் மணிக்கணக்கில் மூழ்குகிறார் என்பது இதில் அடங்கும். பிறவியிலேயே பாதி, வளர்ப்பில் பாதி என்று தோராயமாகச் சொல்லலாம். இது நோயல்ல.

2. ஸ்கிட்ஸோஅஃபெக்டிவ் குறைபாடு. வில்சனுக்கு இருந்த மனநோய் இதுதான். இல்லாத குரல் கேட்பது, பிறழ்நம்பிக்கை (ஆதாரமே இல்லாத, எடுத்துச் சொன்னாலும் அசையாத நம்பிக்கை) போன்ற அறிகுறிகளும் கடும் மனச்சோர்வு அல்லது கட்டுமீறிய உற்சாகமும் சேர்ந்து வரும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் இப்போதைய கையேட்டின்படி, மனச்சோர்வோ உற்சாகமோ இல்லாத நேரத்திலும் குறைந்தது 2 வாரம் குரல்களோ பிறழ்நம்பிக்கைகளோ நீடித்திருந்தால்தான் இந்தப் பெயரைச் சூட்டலாம். இல்லையென்றால் அது மனச்சோர்வோடு ஒட்டிவந்த கோளாறாக இருக்கலாம். வில்சனுக்கு முதலில் வேறு பெயரிட்டு, பிறகுதான் இது என்று திருத்தினார்கள்.

3. முதுமையில் வந்த அறிவாற்றல் தேய்வு. 2024 நீதிமன்ற மனுவில் சொல்லப்பட்டது இதைத்தான். டிமென்ஷியா வகையைச் சேர்ந்தது. அவருடைய மனைவி அதே ஆண்டு ஜனவரியில் இறந்தபின் அன்றாடத்தைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. நியமனத்துக்குக் காரணம் அதுவே. 1966-இல் அவர் எழுதிய இசைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மூன்றாவதை இங்கேயே விட்டுவிடலாம். சிக்கல் முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

மனப்பாங்கை எதை வைத்து அளக்கிறார்கள்?

உளவியலில் பெரும்பாலும் ஐந்து அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள்: புதுமை நாட்டம், ஒழுங்குணர்வு, வெளிநாட்டம் (ஆட்களோடு கலந்து பழகும் ஆர்வம்), இணக்கம், உணர்வுப் பதற்றம். ஒவ்வொன்றும் ஆம்/இல்லை அல்ல. கூடவோ குறையவோ இருக்கும். கலைஞர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரே உறுதியான விடை, கலைஞர்களிடம் புதுமை நாட்டம் தூக்கலாக இருக்கிறது என்பது. உணர்வுப் பதற்றமும் சராசரிக்குச் சற்று மேலே போகிறது. வெளிநாட்டத்தில் அப்படியொரு தெளிவு இல்லை. பாப் பாடகர் என்றால் கூட்டத்தை நேசிப்பவர் என்று நாம் நினைப்பது மேடையை மட்டும் பார்த்துச் சொல்வது.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்: உட்தடுப்பு. 'இது முக்கியமில்லை' என்று ஏற்கெனவே ஒதுக்கிய ஒலியையும் காட்சியையும் மூளை மறுபடி கவனத்துக்குக் கொண்டுவராமல் வடிகட்டும் வேலை அது. ஃபிரிட்ஜின் ரீங்காரம் ஐந்து நிமிடத்தில் காதிலிருந்து மறைந்துபோவதும் இதைப் போன்றதுதான். 2003-இல் ஹார்வர்டு மாணவர்களிடம் செய்த ஆய்வில், அறிவுத்திறன் அதிகமுள்ளவர்களில் படைப்புச் சாதனை மிகுந்தோருக்கு இந்த வடிகட்டி தளர்வாக இருந்தது தெரியவந்தது. வடிகட்டி தளர்ந்தால் சரக்கு நிறைய உள்ளே வரும். அதை அடுக்கிவைக்க வலுவான நினைவாற்றல் இருந்தால் பாட்டாகும், இல்லாவிட்டால் இரைச்சல்தான். வில்சனை யாரும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தியதில்லை. ஆனால் அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது.

ஸ்டூடியோவில் அந்தக் குணம் எப்படி வேலை செய்தது?

பதின்வயதில் ஃபோர் ஃப்ரெஷ்மென் குழுவின் இசைத்தட்டுகளைச் சில நொடி ஓடவிட்டு நிறுத்துவார். நான்கு குரல்களில் ஒவ்வொன்றும் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று பியானோவில் தேடிக் கண்டுபிடிப்பார். மறுபடி சில நொடி. ஒரு பாட்டுக்கு இப்படியே பொழுது போகும். இதற்கு முன் யாரும் சொல்லிக்கொடுத்த இசை இலக்கணம் அவரிடம் அதிகம் இல்லை. அடுக்குக் குரல்களைப் பிரித்துக் கேட்கும் காது இருந்தது. அதிலும் வலது காது கிட்டத்தட்ட முழுச் செவிடு. ஸ்டீரியோ என்பது அவருக்குப் பயனில்லாத விஷயம். ஆகவே மொத்த ஒலியையும் ஒரே ஸ்பீக்கரில் வரும் மோனோவாகத்தான் கற்பனை செய்தார். இரண்டு காதும் கேட்கும் ஒருவர் இடம் வலம் என்று பிரித்து வைத்துத் தப்பித்துக்கொள்ளும் இடத்தில், இவர் இரண்டு வாத்தியங்களைக் கலந்து மூன்றாவது ஒரு நிறத்தை உண்டாக்க வேண்டியிருந்தது.

1966-இல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் ரெக்கார்டிங் முறையைப் பார்த்தால் இது விளங்கும்:

1. ஹாலிவுட்டின் தேர்ந்த செஷன் கலைஞர்கள் (பலருடைய ரெக்கார்டிங்குக்கும் சம்பளத்துக்கு வாசிப்பவர்கள்), ஹால் பிளெய்ன், கேரல் கே போன்றவர்கள், ஒரே அறையில் அமர்வார்கள். இரண்டு மூன்று கிட்டார், பேஸ், பியானோ, ஆர்கன், அக்கார்டியன், தாளம் எல்லாம் சேர்ந்தே வாசிக்கும். பாட்டு முழுக்கத் தாளில் இருக்காது. யார் என்ன வாசிக்க வேண்டும் என்பதை வில்சன் பாடியோ பியானோவில் தட்டியோ காட்டுவார்.

2. ஒரு டேக் (ஒருமுறை வாசித்துப் பதிவது) முடிந்ததும் கண்ணாடிக்கு அப்பால் இருந்து திருத்தம் வரும்: இந்த ஒன்று மெதுவாக, அந்தக் கட்டையை இன்னும் தள்ளி. பத்து இருபது டேக் என்பது சாதாரணம்.

3. நான்கு டிராக்கில் (டேப்பில் தனித்தனியாகப் பதியும் தடங்களில்) பதிந்த வாத்திய இசையை மோனோவாகக் கலந்து, பல பாடல்களுக்கு வேறொரு ஸ்டூடியோவின் எட்டு டிராக் டேப்பில் ஒரே டிராக்கில் ஏற்றினார்கள். மீதி ஏழும் குரல்களுக்கு.

மூன்றாவது படியில்தான் மனப்பாங்கு தெரிகிறது. வாத்தியங்களை ஒரே டிராக்காகச் சுருக்கிவிட்டால் பிறகு பேஸை மட்டும் கூட்டவோ மணியை மட்டும் குறைக்கவோ முடியாது. முடிவெடுத்துவிட்டால் எடுத்ததுதான். வெளியில் ஒரு ஹோட்டலில் என்ன சாப்பிடுவது என்று தீர்மானிக்கவே திணறக்கூடிய மனிதர் இங்கே கை நடுங்காமல் முடிவெடுக்கிறார். காரணம், பதியும் முன்பே பாட்டு தலைக்குள் ஒலித்து முடிந்திருக்கிறது. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு காலித் தண்ணீர் ஜாடியைத் தட்டும் ஒலியில் தொடங்கி, ரயில் சத்தத்திலும் அவருடைய நாய்களின் குரைப்பிலும் முடிகிறது. மற்றவர்களின் வடிகட்டி இதையெல்லாம் இசைக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளியிருக்கும்.

மேடையில் ஏன் அதே ஆள் உடைந்தார்?

1964-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஓர் ஆண்டில் குழு நான்கு ஆல்பங்கள் வெளியிட்டது. எழுதுவது, இசையமைப்பது, தயாரிப்பது என்று சுமையின் பெரும்பகுதி 22 வயது வில்சனின் தலையில். இடையில் ஓயாத சுற்றுப்பயணம். குழுவின் மேலாளராக இருந்த தந்தையை விலக்கியதும் அதே ஆண்டுதான். டிசம்பர் தொடக்கத்தில் திருமணம். டிசம்பர் 23 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹூஸ்டன் செல்லும் விமானத்தில் அவர் நொறுங்கினார். அழுகை, அலறல், கட்டுப்படுத்த முடியாத பதற்றம். சில வாரங்களில் இனிமேல் சுற்றுப்பயணம் வேண்டாம் என்று அறிவித்தார். முதலில் கிளென் கேம்பெல், பிறகு 1965-இல் புரூஸ் ஜான்ஸ்டன் மேடையில் அவர் இடத்தை நிரப்பினார்கள்.

இதை வெறும் 'மேடைக் கூச்சம்' என்று சொல்வது போதாது. இதில் இரண்டு பொறிமுறைகள் வேலை செய்கின்றன.

ஒன்று, பார்வையாளர் விளைவு. உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1965-இல் சுட்டிக்காட்டியது இது: பக்கத்தில் ஆட்கள் இருந்தால் உடல் முறுக்கேறுகிறது, நன்றாகப் பழகிய செயல் இன்னும் நன்றாக வரும், பழகாத செயல் கெட்டுப்போகும். நூறு முறை பாடிய பாட்டைப் பாடும் பாடகருக்குக் கூட்டம் துணை. இன்னும் தேடிக்கொண்டிருக்கும் இசையமைப்பாளருக்கு அதே கூட்டம் எதிரி. வில்சனின் வேலை முழுக்கத் தேடல்.

இரண்டு, பதற்றத் தாக்குதலின் சுழல். மூச்சு வேகமாகிறது, ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது, அந்தச் சுற்றலையே 'ஏதோ ஆகப்போகிறது' என்பதற்கான சான்றாக மனம் எடுத்துக்கொள்கிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கிவிடும். அதற்குள் 'மறுபடி வந்துவிட்டால்' என்ற பயம் விதைக்கப்பட்டுவிடுகிறது, விளைவு அதுதான். பாடகர்களுக்குக் கூடுதல் சேதமும் உண்டு. மூச்சு நெஞ்சின் மேல்பகுதிக்கு ஏறிவிடுவதால் நீண்ட வரியின் கடைசிச் சொல்லுக்குக் காற்று மிஞ்சாது, சுருதி இறங்கும், அதைக் கேட்டதும் பதற்றம் கூடும்.

கையாளும் வழிகளும் இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்பதைப் பொறுத்தவையே. நான்கு எண்ணிக்கை உள்ளிழுத்து ஆறு எண்ணிக்கை வெளிவிடும் மூச்சு முதல் கண்ணியை வெட்டும். இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சில கலைஞர்கள் மருத்துவர் ஆலோசனையோடு எடுக்கிறார்கள். அது உடலை அடக்கும், பயந்த எண்ணத்தை அடக்காது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. நிரந்தரமாக உதவுவது படிப்படியாகப் பழக்குவதுதான்: முதலில் ஐந்து பேர் முன், பிறகு ஐம்பது. முழுமையாக ஒதுங்கிவிட்டால் பயம் அப்படியே உறைந்துவிடும் என்பது பொதுவான அனுபவம்.

வில்சன் ஒதுங்கியதைத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. ஒதுங்கிய பதினெட்டு மாதத்துக்குள் 'பெட் சவுண்ட்ஸ்' வந்தது. வீட்டில் இருந்து எழுதுபவர்கள், ஊர் ஊராகப் பாடுபவர்கள் என்று வேலையைப் பிரித்தது பாப் இசையில் நடந்த மிகப் புத்திசாலித்தனமான நிர்வாக முடிவுகளில் ஒன்று என்பேன். அவருடையது தனிச் சம்பவமும் அல்ல. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டில் சுற்றுப்பயணத்தை நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1979-க்குப் பிறகு முழு மேடைத் தொடருக்கு 2014-இல்தான் திரும்பினார். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967-இல் மேடையில் வரிகளை மறந்தபின் நீண்ட காலம் பெரும்பாலும் கச்சேரி மேடைகளிலிருந்து விலகியிருந்தார். இவர்களில் யாரும் திறமை குறைந்தவர் இல்லை.

குணம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது?

1966 நவம்பர் 28 இரவு நடந்த ஒரு செஷனைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 'ஸ்மைல்' என்ற அடுத்த ஆல்பத்துக்காக, நெருப்பைச் சித்திரிக்கும் ஒரு வாத்திய இசை. கலைஞர்கள் எல்லோருக்கும் பொம்மைத் தீயணைப்புத் தொப்பி மாட்டிவிட்டார். அறைக்குள் ஒரு வாளியில் கட்டை எரிந்தது, புகை வாசம் வரட்டும் என்று. வயலின்கள் ஊளையிட்டன. இதுவரை நடந்தது எல்லாம் புதுமை நாட்டம். விசித்திரம்தான், ஆனால் அதற்கு நோக்கம் இருக்கிறது, பலன் டேப்பில் கேட்கிறது, தொப்பியைக் கழற்றினால் விளையாட்டு முடிகிறது.

கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்தில் ஒரு கட்டடம் தீப்பிடித்தது. தன் இசைதான் அதற்குக் காரணம் என்று வில்சன் அஞ்சினார். அந்தப் பதிவை ஒதுக்கி வைத்தார். இது வேறு ரகம். நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை, எடுத்துச் சொன்னாலும் அசையவில்லை, அதனால் வேலை நின்றது.

ஒரே அறை, ஒரே ஆள், ஒரே பாட்டு. முதல் பாதி படைப்பைத் தந்தது, இரண்டாம் பாதி படைப்பைப் பூட்டியது. 'பைத்தியக்காரத்தனம் இல்லாமல் மேதைமை இல்லை' என்பவர்கள் இந்த இரண்டு பாதிகளையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

காலவரிசையும் இதையே காட்டுகிறது, ஆனால் அவ்வளவு நேர்க்கோட்டில் அல்ல. 1965-இல் எல்எஸ்டி என்ற போதைப்பொருளை எடுத்த சிறிது காலத்திலேயே குரல்கள் கேட்கத் தொடங்கியதாக வில்சனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, 'பெட் சவுண்ட்ஸ்' காலத்தில் நோய் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த ஆல்பத்தைச் சாத்தியமாக்கிய காது, அடுக்குக் குரல் எழுதும் திறன், ஸ்டூடியோ அனுபவம் எல்லாம் அதற்கு முன்பே சேர்ந்தவை. குரல்கள் மெட்டு சொல்லித் தரவில்லை. அவரை இழிவுபடுத்தின, மிரட்டின. நோய் முற்றிய 1970-களில் அவர் பெரும்பாலும் படுக்கையறையில் அடைந்து கிடந்தார், பாட்டு வற்றியது. நோய்தான் ஊற்று என்றால் அந்த ஆண்டுகளில் வெள்ளமல்லவா வந்திருக்க வேண்டும்?

பெரிய அளவிலான தரவும் இருக்கிறது. ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், படைப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பொதுவாக மனநோய் அதிகமில்லை என்று தெரிந்தது. மனச்சோர்வும் கட்டுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு மட்டும் விதிவிலக்கு. சுவாரசியமான விஷயம் வேறு: கடும் மனநோய் உள்ளவர்களின் நெருங்கிய உறவினர்கள் படைப்புத் தொழில்களில் கூடுதலாக இருந்தார்கள். குடும்பத்தில் ஓடும் ஏதோ ஒரு குணம் அளவோடு இருந்தால் கலைக்கு உதவுகிறது, அளவு மீறினால் நோயாகிறது என்று இதைப் படிக்கலாம். தளர்ந்த வடிகட்டி அந்தக் குணங்களில் ஒன்றாக இருக்கக்கூடும்.

'ஸ்மைல்' ஏன் நின்றது?

'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற ஒரே பாட்டை 1966 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நான்கு ஸ்டூடியோக்களில் துண்டு துண்டாகப் பதிந்தார். ஏறத்தாழ 90 மணி நேர டேப் செலவானதாகச் சொல்லப்படுகிறது; கிடைத்தது மூன்றரை நிமிடப் பாட்டு. அது ஓர் அற்புதம். அதே முறையை ஒரு முழு ஆல்பத்துக்கு விரித்தபோது இடிந்தது.

1. துண்டுகள் பெருகப் பெருக, அவற்றை அடுக்கும் வழிகள் பல மடங்காகப் பெருகும். 5 துண்டுகளை 120 வரிசைகளில் வைக்கலாம். 10 துண்டுகளை 36 லட்சத்துக்கும் அதிகமான வரிசைகளில்.
2. அன்று ஒரு வரிசையைக் கேட்டுப் பார்க்க டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும்.
3. 'போதும், இதுதான்' என்று சொல்லும் ஆள் அறையில் இல்லை. பாடலாசிரியர் வான் டைக் பார்க்ஸ் 1967 தொடக்கத்தில் விலகினார். குழுவுக்குள் வரிகள் பற்றிக் கருத்து வேறுபாடு, ரெக்கார்டு நிறுவனத்துடன் வழக்கு, போதைப்பொருள், வளரும் அச்சம்.

1967 மே மாதம் ஆல்பம் கைவிடப்பட்டது. வடிகட்டி தளர்ந்த மனதுக்குச் சாத்தியங்கள் எல்லாமே சம அளவில் கவர்ச்சியாகத் தெரியும். பாட்டு தலைக்குள் முழுதாக ஒலித்தபோது உறுதியாக முடிவெடுத்தவர், அது துண்டுகளாகவே ஒலித்தபோது எந்த முடிவும் எடுக்க முடியாமல் போனார்.

சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

வட அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த 1,064 ராக், பாப் நட்சத்திரங்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு, புகழ்பெற்ற 3 முதல் 25 ஆண்டுகளுக்குள் அவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட 1.7 மடங்கு என்று கண்டது. அதே ஆய்வாளர்களின் பிந்தைய ஆய்வில், தனிப்பாடகர்களுக்கு ஆபத்து இசைக்குழுவில் இருந்தவர்களைவிடக் கூடுதல். போதைப் பழக்கத்தாலும் ஆபத்தான வாழ்க்கைமுறையாலும் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைப்பருவத்தில் ஏதாவது ஒரு துன்பத்தைச் சந்தித்திருந்தார்கள். வில்சன் தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவர். அந்தத் தந்தை 1969-இல் மகனின் பாடல் உரிமைகளை 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்.

உதவி என்ற பெயரிலும் கெடுதல் வரலாம். உளவியலாளர் யூஜின் லேண்டி 1970-களில் ஒருமுறையும் 1980-களில் மறுமுறையும் வில்சனைப் பொறுப்பெடுத்தார். ஒரு கட்டத்தில் 130 கிலோவுக்கு மேல் போயிருந்தவரின் உடலைத் தேற்றினார். அதை மறுக்க முடியாது. பிறகு 24 மணி நேரக் கண்காணிப்பு, அளவுக்கு மிஞ்சிய மருந்து, பாடல்களிலும் தொழிலிலும் பங்கு என்று போனது. 1989-இல் லேண்டி தொழில் உரிமத்தை விட்டுக்கொடுத்தார். 1992-இல் வில்சனை அணுகக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வந்தது.

இதிலிருந்து ஒரு கலைஞரின் மேலாளரோ குடும்பமோ எடுத்துக்கொள்ள வேண்டியவை நடைமுறையானவை:

1. சிகிச்சை தருபவர் வியாபாரக் கூட்டாளியாக இருக்கக் கூடாது. சம்பளம் தவிர வேறு எந்தப் பணமும் அவருக்குப் போகக் கூடாது.
2. தூக்கம் தொடர்ந்து குறைவது, பேச்சு திடீரென்று வேகமாவது, தற்செயல்களில் தனக்கான செய்தி இருப்பதாகச் சொல்வது: இவை கலைஞரின் வழக்கமான விசித்திரங்கள் அல்ல. அதே வாரம் மருத்துவரிடம் போக வேண்டும்.
3. நிகழ்ச்சி முடிந்தபின் உடலின் முறுக்கு இறங்கப் பல மணி நேரமாகும். அந்த நேரத்தில் தூங்க ஒரு மாத்திரை, காலையில் விழிக்க இன்னொன்று என்று தொடங்கினால் சுற்றுப்பயண முடிவில் இரண்டுமே பழக்கமாகியிருக்கும். பயணத் திட்டத்திலேயே ஓய்வு நாட்களை எழுதிவிட வேண்டும்.
4. முடிவற்ற தேடலுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைப்பவர் தேவை; ஆனால் அவர் என்ன பாட்டு என்று தீர்மானிப்பவராக இருக்கக் கூடாது.

2004: அதே குணம், வேறு ஏற்பாடு

'ஸ்மைல்' 37 ஆண்டுகளுக்குப் பிறகு முடிந்தது. பழைய துண்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றியவர் வில்சனின் பின்னணிக் குழுவில் இருந்த டேரியன் சகநாஜா. பிளேடு இல்லை, பசை இல்லை; ஒரு வரிசையை மாற்றிக் கேட்கச் சில நொடி. பார்க்ஸ் திரும்பி வந்து விடுபட்ட வரிகளை எழுதினார். கச்சேரித் தேதி முன்பே குறிக்கப்பட்டிருந்ததால் 'எப்போது போதும்' என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. குரல்கள் அப்போதும் நிற்கவில்லை. சிகிச்சையும் மருந்தும் தொடர்ந்தன. 2004 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், 61 வயது வில்சன் ஒரு கீபோர்டின் பின்னால் உட்கார்ந்து அதை முதலிலிருந்து கடைசி வரை பாடினார். 1966-இல் பயந்து ஒதுக்கி வைத்த அந்த நெருப்பு இசையும் நிகழ்ச்சியில் இருந்தது. அதன் புதிய பதிவுக்கு மறு ஆண்டு கிராமி விருது கிடைத்தது.